ஏர் டேங்க் தண்ணி எடுக்க இனி வண்டிக்கு அடியில படுக்க வேணாம்: சைக்கிள் பிரேக் ஒயர்ல ஒரு வேலை

புதுவயல் அரிசி லோடு:

எல்லாருக்கும் வணக்கம். புதுவயல் மில்லுகள்ல அரிசி ஏத்தி, தேனி, குமுளி வழியா கேரளாவுக்கு ஓட்டுறேன். சொந்த வண்டி, ஆறு சக்கரம், ஏர் பிரேக், வாங்கி ஒன்பது வருசம் ஆச்சு. பத்து நாளைக்கு முன்னாடி வண்டியில ஒரு சின்ன வேலை செஞ்சேன். செலவு கொஞ்சம் தான், நேரம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நம்ம பக்கத்து டிரைவருங்களுக்கும் ஓனருங்களுக்கும் உதவும், அதனால விடாம எழுதுறேன்.

பிரேக்குக்குக் காத்தை அடைச்சு வைக்கிற ஏர் டேங்குல சேர்ற தண்ணியைத் தினமும் எடுக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். டேங்குக்கு அடி வயித்துல ஒரு பித்தளை வால்வு இருக்கும், அதுல ஒரு வளையம் தொங்கும். வளையத்தைப் பக்கவாட்டுல இழுத்தா காத்தோட தண்ணி பீச்சும், விட்டா ஸ்பிரிங் தானா மூடிக்கும். என் வண்டியில மூணு டேங்கு. ரெண்டு இடது பக்கம் சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டத்து ஓரமா இருக்கு. மூணாவது உள்ள, ரெண்டு பக்கச் சேசிஸ் சட்டத்துக்கும் நடுவுல. அதைத் தொடணும்னா படுத்து, முழங்கையால ஊர்ந்து போகணும்.

முன்னாடி கிளீனர் பையன் இருந்தான், அவன் எடுப்பான். இப்ப எந்த வண்டிக்கும் கிளீனர் வர்றதில்ல, டிரைவர் ஒருத்தன் தான் எல்லாத்துக்கும். போன ஐப்பசி மழையில மில்லு வாசல் பூரா செம்மண் சேறு. சாக்கை விரிச்சுப் படுத்தா ரெண்டு நிமிசத்துல முதுகு நனைஞ்சுரும். வளையத்தைச் சுத்தி சேறு கெட்டியா இறுகிக் கெடந்துச்சு. இழுத்தப்ப சேறும் தண்ணியும் சேர்ந்து கண்ணுல அடிச்சுச்சு. அன்னைக்கு எந்திரிச்சவன், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்படியே மூணு வாரம் போயிருச்சு.

மூணாவது வாரம் அரிசி இறக்கிட்டு வெறும் வண்டியா குமுளியில இருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்குறேன். நாலு வளைவு தாண்டுனதும் பின்னாடி இருந்து கருகுன வாடை. ஓரங்கட்டிப் பாத்தா பின் டிரம் ரெண்டும் கிட்ட நிக்க முடியாத சூடு. மிதியை விட்ட பெறகும் பின் பிரேக் முழுசா விடல. மெதுவா கீழ கொண்டாந்து பட்டறையில விட்டேன். பின் பிரேக்குக்குக் காத்தை விடுற ரிலே வால்வைக் கழட்டி என் உள்ளங்கையில கவுத்துக் காட்டுனாங்க. பால் கூடிப்போன காபி மாதிரி ஒரு கூழ், அதுக்குள்ள துருப்பொடி நறநறன்னுச்சு. எண்ணெயும் தண்ணியும் சேர்ந்து உள்ள போயிருக்கு. ரெண்டு நாள் நடை போச்சு. அதைவிட, அந்த இறக்கத்துல பிரேக் விடாம இருந்ததுக்குப் பதிலா பிடிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நெனைக்கிறேன்.

படுக்கணும்ங்கிறதால தான் இந்த வேலையைத் தள்ளிப்போடுறோம். நின்னுக்கிட்டே செய்யலாம்னா டீ குடிக்கிறதுக்கு முன்னாடி செஞ்சுருவோம்.

வாங்குன சாமான்: சைக்கிள் பின் பிரேக் கேபிள் மூணு செட்டு. அவுட்டரோட, அதாவது ஒயருக்கு மேல வர்ற உறையோட வாங்குங்க, பின் பிரேக் கேபிள் தான் நீளம் வரும். சாவிக்கொத்து வளையம், தடிச்சதா மூணு. சைக்கிள்ல ஒயரை இறுக்குறதுக்கு நடுவுல ஓட்டை போட்ட ஒரு குட்டி போல்ட் வரும், அது மூணு. மூணு எம்.எம். பட்டைத் தகடு, எல் மாதிரி மடக்கி ஓட்டை போட்டது ஆறு துண்டு. லேத்துல மடக்கித் தந்தாங்க. அப்புறம் ஒயர் டேக்.

வேலை இது தான். டேங்கைச் சேசிஸோட கட்டியிருக்கிற பட்டியோட போல்ட்டுல மரை மிச்சம் இருக்கும். இருக்கிற நட்டைத் தொடாம, அதுக்கு மேல இன்னொரு நட்டு போட்டு எல் தகட்டை நிறுத்துனேன். தகட்டோட ஓட்டை வால்வு வளையத்துக்கு நேர் மட்டத்துல, நாலு விரக்கடை தள்ளி நிக்கணும். அவுட்டர் அந்த ஓட்டையில முட்டி நிக்கும். இன்னர் ஒயர் மட்டும் உள்ள போய், சாவி வளையத்தைக் கோத்து, வால்வு வளையத்துல மாட்டும். மறு முனையை பேட்டரி பெட்டிக்குப் பக்கத்துல சேசிஸ்ல ஏற்கெனவே இருக்கிற ஓட்டையில இன்னொரு எல் தகடு போட்டு நிறுத்தி, இழுக்கிறதுக்கு ஒரு பிடி கட்டுனேன். மூணு பிடியும் வரிசையா ஒரே இடத்துல. இப்ப டயரைத் தட்டிப் பாத்துக்கிட்டே வர்றப்ப மூணையும் ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிர்றேன்.

படம் எடுத்து வச்சிருக்கேன், கேட்டா போடுறேன். தப்பு இருந்தா சொல்லுங்க.

ரஸ்தா பட்டறை:

தம்பி, வேலை நல்லாருக்கு. தேவகோட்டை ரஸ்தாவுல முப்பது வருசமா வண்டி பாக்குறேன். பிரேக்குன்னு வர்ற வண்டியில நிறைய, டேங்குத் தண்ணியில ஆரம்பிச்ச கேஸு தான். லைனிங் தேஞ்சு வர்றதுக்குச் சமமா இதுவும் வரும்.

மூணு விஷயம் சேத்துச் சொல்றேன்.

ஒண்ணு, இன்னர் ஒயர் விறைப்பா இருக்கக் கூடாது. வால்வு வளையம் தன்பாட்டுக்குத் தொங்கணும். ஒரு விரக்கடை தளர்ச்சி வச்சுக் கட்டு. இந்த வால்வு எந்தப் பக்கம் சாஞ்சாலும் தெறக்கும். கொஞ்சம் இழுத்த மாதிரி நின்னாலே காத்து சன்னமா கசியும், காதுக்குக் கேக்காது. கட்டி முடிச்சதும் காத்தை முழுசா ஏத்தி, இஞ்சினை நிறுத்தி, சோப்பு நுரை வச்சுப் பாரு. நுரையில குமிழி வந்துச்சுன்னா ஒயரைத் தளத்து.

ரெண்டு, டேங்குல கைய வைக்காத. எல் தகட்டை டேங்குல வெல்டிங் அடிச்சு நிறுத்தலாம்னு யாராச்சும் சொல்லுவான். டேங்கு காத்தை அடைச்சு வச்சிருக்கிற பாண்டம். அதுல ஒரு பொட்டு வெல்டிங் கூடாது, ஓட்டை கூடாது. சேசிஸ்லயும் மேல் ஓரம் கீழ் ஓரம் மடிப்புல புதுசா ஓட்டை போடக் கூடாது, பாரம் தாங்குற எடம் அது. நீ பழைய ஓட்டையில போட்டது தான் சரி.

மூணு, நடு டேங்குக்குப் போற ஒயர் எந்த வழியா போகுதுன்னு சொல்லலயே. பின் சக்கரத்தைச் சுத்த வைக்கிற புரபெல்லர் ஷாப்ட் பக்கத்துல போனா ஒருநாள் சுத்திக்கும். சைலன்சர் பக்கத்துல போனா அவுட்டர் உருகும். படத்தைப் போடு.

புதுவயல் அரிசி லோடு:

அண்ணே, நன்றி. விறைப்பு விஷயம் நான் யோசிக்கல. இப்பவே போய்ப் பாத்தேன், ரெண்டாவது டேங்குல வளையம் லேசா இழுத்துக்கிட்டுத் தான் நிக்குது. தளத்திட்டேன். நடு டேங்கு ஒயரை குறுக்குச் சட்டத்தோட ஒட்டி, பிரேக் காத்துக் குழாய் போற வழியிலயே கொண்டாந்திருக்கேன். அந்தக் குழாயைத் தொடாம தனி டேக் போட்டிருக்கேன். படம் ராத்திரி போடுறேன்.

ஆத்தங்குடி கல் வண்டி:

நான் இதையே ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செஞ்சு மாட்டிக்கிட்டேன். அதையும் எழுதுறேன், யாரும் அப்படிச் செஞ்சுறக் கூடாது.

கேபிள் எல்லாம் வாங்கல. நைலான் கயித்தை வால்வு வளையத்துல கட்டி, மறு முனையை பாடியோட கொக்கியில, தார்ப்பாய் கட்டுற கொக்கி இருக்குல்ல, அதுல கட்டிட்டேன். வெறும் வண்டியில நல்லா வேலை செஞ்சுச்சு. ஆத்தங்குடியில பூங்கல், தரையில பதிக்கிற டைல்ஸ், லோடு ஏத்திக் கோயம்புத்தூர் கெளம்புனேன். நமக்குத் தெரியும், கல்லு லோடு அரிசி மாதிரி இல்ல. உசரம் கொஞ்சம் தான், கனம் பூரா தட்டுல உக்காரும். ரோட்டுல பள்ளத்துல எறங்கி ஏறுறப்ப பாடி ஒரு பக்கம் போகும், சேசிஸ் ஒரு பக்கம் போகும். ஒவ்வொரு தடவையும் கயிறு வால்வை இழுத்திருக்கு. திண்டுக்கல் தாண்டி ராத்திரி நிறுத்திப் படுத்தேன். காலைல முள்ளு பூஜ்யத்துல கெடக்கு. வண்டி அசையல. அரை மணி நேரம் இஞ்சினை ஓட விட்டும் காத்து ஏறல. கடைசியில டார்ச் அடிச்சுப் பாத்தா கயித்து முடிச்சு வளையத்தோட இறுகி, வால்வு பாதி தெறந்தே நிக்குது.

அறுத்து எறிஞ்சுட்டேன். அன்னைல இருந்து மறுபடி படுத்துத் தான் எடுக்குறேன். அண்ணே நீங்க அவுட்டர் போட்டிருக்கீங்களே, அதுல இந்தப் பிரச்சனை வராதா?

புதுவயல் அரிசி லோடு:

தம்பி, அவுட்டர் தான் இதுல முக்கியமே. சைக்கிள்ல ஹேண்டில்பாரைத் திருப்புறப்ப பிரேக் பிடிக்குதா? பிடிக்கிறதில்ல. அவுட்டர் வளைஞ்சு குடுத்துரும், உள்ள ஒயரோட நீளம் மாறாது. அது மாதிரி தான் இதுவும். அவுட்டரோட ரெண்டு முனையும் நல்லா முட்டி நின்னு, நடுவுல கொஞ்சம் தாராளமா வளைவு விட்டிருந்தா பாடி எவ்வளவு ஆடுனாலும் வால்வுக்குத் தெரியாது. கயிறு, கட்டுக்கம்பி, செயின் எதுவும் ஆகாது. இருந்தாலும் நான் ரெண்டு முனையையும் சேசிஸ்லயே வச்சிருக்கேன், பாடிக்குக் கொண்டு போகல.

நீங்க எழுதுனது ரொம்ப நல்லது. என் பதிவை மட்டும் படிச்சா யாராச்சும் கயித்துல கட்டிருப்பாங்க.

திருப்பத்தூர் பழைய டிரைவர்:

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. சொல்லிர்றேன்.

நாங்க ஓட்டுன காலத்துல தண்ணி எடுக்கத் தினமும் அடியில போவோம். தண்ணிக்குன்னு போனவன் கண்ணு சும்மா இருக்காது. யு போல்ட் நட்டு லூசா இருக்கா, ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருக்கா, ஹௌசிங்ல ஆயில் வழியுதா, ஜாயிண்ட் கிராஸ் ஆட்டம் குடுத்திருக்கா, எல்லாம் அங்க படுத்த எடத்துல பாத்தது தான். ஒரு தடவை சிங்கம்புணரி பக்கத்துல நிறுத்தித் தண்ணி எடுக்கப் படுத்தப்ப தான் மெயின் பட்டை ரெண்டா விட்டிருந்ததைப் பாத்தேன். நின்னுக்கிட்டே ஒயரை இழுத்திருந்தா பாத்திருப்பேனா? டிரைவரை அடியில போக விடாம செய்றது வசதி தான். ஆனா வண்டிய அவன் அறியவே மாட்டான்.

புதுவயல் அரிசி லோடு:

அய்யா, நீங்க சொல்றது உண்மை. மறுக்க மாட்டேன். ஆனா என் கதையைப் பாருங்க. அடியில போனா தான் தண்ணி எடுக்க முடியும்னு இருந்தப்ப நான் ரெண்டையும் செய்யல. மூணு வாரம் தண்ணியும் எடுக்கல, பட்டையையும் பாக்கல. இப்ப தண்ணி தினமும் எடுக்குறேன். வெள்ளிக்கிழமை வண்டி கழுவி மாலை போடுறதுக்கு முன்னாடி, காஞ்ச தரையில, வெளிச்சத்துல, கையில ஸ்பேனரோட அரை மணி நேரம் அடியில போய் ஒவ்வொண்ணாப் பாக்குறேன். சேத்துல ரெண்டு நிமிசம் அவசரமாப் பாக்குறதைவிட அது நல்லாருக்கு.

ஒயர் போட்டவங்க யாரும் அந்த வெள்ளிக்கிழமையை விட்றாதீங்க. அய்யா சொன்னது அதுக்குத் தான்.

காரைக்குடி வேதியியல்:

நான் லாரிக்காரன் அல்லன். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். என் மைத்துனர் வண்டி வைத்திருக்கிறார், அவர்தான் இந்தப் பேச்சைக் காட்டினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு விளக்கியதை இங்கும் எழுதுகிறேன். கணக்குத் தெரிந்தால் தினமும் எடுப்பதன் அவசியம் தானே புரியும்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டரில் 21 கிராம் இருக்கும். 40 லிட்டர் டேங்கில் மீட்டர் 8 பார் காட்டும் வரை (வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்தால் 9) நிரப்பினால், வெளியிலிருந்த 360 லிட்டர் காற்று அந்த 40 லிட்டருக்குள் அடங்கியிருக்கிறது என்று பொருள். அதனுடன் உள்ளே வந்த நீர் சுமார் ஏழரை கிராம். ஆனால் டேங்க் ஆறி மறுபடி 30 டிகிரிக்கு வந்தபின், 40 லிட்டர் இடத்தில் ஆவியாக நிற்கக்கூடியது ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மிச்சம் ஆறு கிராமும் தண்ணீராக அடியில் விழுந்தே ஆக வேண்டும். ஒரு டீஸ்பூன் நிறைந்து வழியும் அளவு. இது காலி டேங்கை ஒரே ஒரு முறை நிரப்புவதற்கு. காற்று உலர்த்தி இல்லாத வண்டியில், நாள் முழுதும் பிரேக் மிதித்து மிதித்து, காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் மறுபடி மறுபடி நிரப்பும்போது எத்தனை டீஸ்பூன் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தத் தண்ணீர் சும்மா கிடப்பதில்லை. உள்ளே காற்று ஒன்பது மடங்கு அழுத்தத்தில் இருப்பதால் ஆக்சிஜனும் அதே அளவு கூடுதலாகத் தண்ணீரில் கரையும். இரும்பு, நீர், நிறையக் கரைந்த ஆக்சிஜன்: துரு பிடிக்க இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. நம் ஊரில் வள்ளல் அழகப்பர் நிலம் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் உலோக அரிப்பை ஓர் ஆராய்ச்சித் துறையாகவே வைத்திருக்கிறார்கள். மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் நான் சொல்வது, துருவை நிறுத்துவதற்கு முதல் வழி தண்ணீரைத் தங்கவிடாமல் இருப்பது. உங்கள் ஒயர் அந்த வேலையைத்தான் செய்கிறது. மனமார்ந்த பாராட்டு.

கோட்டையூர் மூணு வண்டி:

சார், இதை என் டிரைவருங்களுக்கு வாசிச்சுக் காட்டப் போறேன். அப்பாவுக்கு அப்புறம் மூணு வண்டியையும் நான் தான் பாத்துக்கிறேன். எங்க மூத்த டிரைவருக்கு அம்பத்தெட்டு வயசு, முழங்கால் வலி. தண்ணி எடுத்தீங்களான்னு கேட்டா எடுத்தேம்மான்னு தான் சொல்லுவாரு. எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அவரைப் படுத்து எடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது, அவரும் எங்கப்பா கூட ஓட்டுனவரு. இதுக்கு ஒரு வழி கெடச்சதுல எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொல்லத் தெரியல.

ரெண்டு கேள்வி. புது வண்டியில காத்தை உலர்த்துற ஏர் டிரையர் இருக்கு, அதுக்கும் இது வேணுமா? ராத்திரி எடுக்கணுமா, காலைல எடுக்கணுமா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ரஸ்தா பட்டறை:

தங்கச்சி, டிரையர் இருக்கிற வண்டிக்கும் போடு. ஆனா அங்க அது வேற வேலை செய்யும். டிரையர் நல்லா இருந்தா டேங்குல தண்ணி வரவே கூடாது. வாரம் ஒரு தடவை இழுத்துப் பாரு. வெறும் காத்து வந்தா சரி. சொட்டுத் தண்ணி வந்தாலும் டிரையர் டப்பாக்குள்ள இருக்கிற, ஈரத்தை உறிஞ்சுற மருந்து முடிஞ்சுருச்சுன்னு அர்த்தம், டப்பாவை மாத்தணும். கம்பெனி புஸ்தகத்துல எத்தனை கிலோமீட்டர்னு போட்டிருக்கும். ஆனா நம்ம வண்டி ஓடுற தூசியில அதுக்கு முன்னாடியே போயிரும்.

நேரம்: ராத்திரி வண்டிய நிறுத்துன உடனே எடு. சூடா இருக்கிறப்ப எண்ணெய்க் கூழ் இளகி ஓடி வரும். அழுத்தமும் நிறைய இருக்கும், அடிச்சுக்கிட்டு வெளிய வரும். காலைல எடுக்கிறவனும் தப்பில்ல. ராத்திரி ஆறுனதுல இன்னும் தண்ணி எறங்கியிருக்கும். ஆனா காத்து கொறஞ்ச வண்டியில தண்ணி முழுசா வராது. ரெண்டுல ஒண்ணுன்னா ராத்திரி.

எடுக்கிறதுக்கு முன்னாடி சக்கரத்துக்குக் கட்டை போடு. இதை ஒருத்தரும் எழுதலயேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காத்து எறங்குனா மிதி பிரேக் இருக்காது. ஸ்பிரிங் பிரேக் இருக்கிற வண்டி தானா பிடிச்சுக்கும், பழைய வண்டியில கையால இழுக்குற பிரேக்கை நம்பி நிக்கணும். சரிவுல நிறுத்தி இழுக்கவே இழுக்காத. காலைல காத்து முழுசா ஏறி, எச்சரிக்கை லைட்டும் சத்தமும் நின்ன பெறகு தான் கியர் போடணும்.

வர்ற தண்ணியைப் பாத்தே வியாதி சொல்லலாம். ஒரு வெள்ளை டப்பா மூடியைப் பிடிச்சு அதுல வாங்கு. தெளிஞ்ச தண்ணின்னா வெறும் ஈரம், பயப்படாத. அதுவே ரொம்ப வந்தா எங்கயோ காத்து கசியுது, கம்ப்ரசர் ஓய்வே இல்லாம ஓடுது. காபி மாதிரி வந்தா எண்ணெய் சேர்ந்திருக்கு. கருப்பா, பிசுபிசுன்னு வந்தா கம்ப்ரசர் ரிங்கு தேஞ்சு ஆயிலைத் தள்ளுது. அந்த ஆயில் டிரையர் மருந்தையும் கெடுக்கும், வால்வு ரப்பரையும் ஊற வைக்கும். முதல்ல கம்ப்ரசரைப் பாக்கணும். மூஞ்சியைத் தள்ளி வச்சுக்க, பக்கத்துல கொழந்தைங்களை நிக்க விடாத.

கண்டனூர் புது வண்டி:

எஃப்.சி., அதான் வண்டித் தகுதிச் சான்றுக்குக் காட்டுறப்ப இதைக் கழட்டச் சொல்லுவாங்களா? எனக்கு அடுத்த மாசம் எஃப்.சி. இருக்கு. இன்னொண்ணு, ஒயர் எல்லாம் எதுக்கு, வால்வைக் கழட்டிட்டு ஒரு பால் வால்வும், கைப்பிடியைத் திருப்பித் தெறக்கிறது இருக்குல்ல அது, ஓசும் போட்டு வெளிய கொண்டாந்துறலாமே?

புதுவயல் அரிசி லோடு:

எஃப்.சி.க்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52ஆம் பிரிவு சொல்றது, ஆர்.சி.யில எழுதியிருக்கிற விவரம் கம்பெனி குடுத்ததுக்கு மாறாப் போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்கிறது. ஒரு இழுப்புக் கம்பியால ஆர்.சி.யில எந்த வரியும் மாறாது. பிரேக் குழாயையோ வால்வையோ நாம தொடவும் இல்ல. என் வண்டிக்கு எட்டு வருசம் தாண்டிருச்சு, வருசா வருசம் எஃப்.சி. தான். சங்கடமா இருந்தா சாவி வளையத்தைக் கழட்டுனா ஒயர் தனியா வந்துரும், ரெண்டு நிமிச வேலை. வண்டி வாரண்டியில இருந்தா சர்வீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க.

பால் வால்வு பத்தி அண்ணன் சொல்லட்டும்.

ரஸ்தா பட்டறை:

போடாத. காரணம் மூணும் அனுபவத்துல பாத்தது. கடையில வாங்குற பிளம்பிங் மரை வேற, டேங்குல இருக்கிற மரை வேற. டேப்பு சுத்தி முறுக்கி ஏத்துனா டேங்கு மரை போயிரும், டேங்கையே மாத்தணும். அடுத்து, பால் வால்வு தானா மூடாது. கல்லு அடிச்சுக் கைப்பிடி திரும்புச்சுன்னா ஓடுற வண்டியில காத்து மொத்தமும் போயிரும். கடைசியா, ஓசுல தண்ணி தங்கும், அது உள்ள இருந்து அழுகும். வண்டியோட வந்த ஸ்பிரிங் வால்வு யோசிச்சு வச்சது. கைய எடுத்தா மூடணும். அதுல எதையும் மாத்தாம இழுக்குற தூரத்தை மட்டும் நீட்டுனதால தான் இந்த வேலையை நான் நல்லாருக்குன்னு சொன்னேன்.

தானா தண்ணி தள்ளுற ஆட்டோ டிரெயின் வால்வும் கடையில வருது. நல்லது தான். சேறு அடைச்சா அதுவும் ஒட்டிக்கும், அதையும் கண்ணால பாக்கணும்.

ஆத்தங்குடி கல் வண்டி:

அப்படின்னா இதே மாதிரி கிரீஸ் நிப்பிள் எல்லாத்தையும் குழாய் போட்டு ஒரு எடத்துக்குக் கொண்டு வரலாமா? பட்டை பின்னுக்கு கிரீஸ் அடிக்கிறதும் படுத்துத் தான்.

புதுவயல் அரிசி லோடு:

நானும் யோசிச்சேன், செய்யல. பட்டை பின்னு ஆடிக்கிட்டே இருக்கிற எடம். குழாய் நடுவுல ஒடஞ்சா கிரீஸ் கீழ ஊத்தும், நாம வெளிய நின்னு அடிச்சுக்கிட்டே இருப்போம், பின்னு காஞ்சு கெடக்கும். நேரா அடிச்சா பழைய கிரீஸ் ஓரத்துல பிதுங்கி வர்றதைக் கண்ணால பாக்கலாம். அந்த வேலைக்கு அடியில போகத் தான் வேணும். தண்ணியில அந்தச் சிக்கல் இல்ல. ஒயர் அறுந்தா இழுக்கிறப்பவே தெரிஞ்சுரும், வால்வு மூடியே தான் இருக்கும்.

கோட்டையூர் மூணு வண்டி:

அண்ணே, மூணு வண்டிக்கும் போட்டாச்சு. செக்காலை ரோட்டுல சைக்கிள் கடையில ஒன்பது கேபிள் மொத்தமாக் கேட்டதும், கடைக்காரர் எத்தனை சைக்கிள் வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு.

முதல் இழுப்பு எப்படி இருந்துச்சுன்னு எழுதணும். புது வண்டியில ரெண்டு டேங்கும் வெறும் காத்து. மூணாவதுல ஒரு மூடி நிறையத் தெளிஞ்ச தண்ணி. டிரையர் டப்பாவுக்குச் சொல்லிட்டேன். ரெண்டாவது வண்டி காபி. எங்கப்பா வாங்குன பழைய வண்டியில தான் எனக்குப் பக்குனு ஆயிருச்சு. முதல்ல ஒண்ணுமே வரல. டிரைவர் அண்ணன் ஒயரை விட்டு விட்டு நாலு தடவை இழுத்தாரு. அடைப்பு எடுத்த மாதிரி ஒரு சத்தம், அதுக்கப்புறம் கருப்பா, மண்ணெண்ணெய் விளக்குக் கரி மாதிரி, அரை டம்ளருக்கு மேல ஊத்துச்சு. அவர் மூடியைப் பிடிச்சுக்கிட்டு என்னை ஏறிட்டே பாக்கல. நான் ஒண்ணும் கேக்கல. மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணி, "அம்மா, மூணையும் இழுத்துட்டேன், இன்னைக்குக் கொஞ்சம் தான் வந்துச்சு"ன்னாரு. இப்ப தினமும் சொல்றாரு.

கம்ப்ரசர் ரிங்கு பாக்கணும் இல்லையா?

ரஸ்தா பட்டறை:

பாக்கணும் தங்கச்சி. தள்ளிப்போடாத. அந்த வண்டியில பிரேக் வால்வு, ரிலே வால்வு எல்லாத்தையும் ஒரு தடவை கழட்டிக் கழுவணும், அவ்வளவு எண்ணெய் போயிருந்தா ரப்பர் உப்பியிருக்கும். அது வரைக்கும் மலைப் பாதை லோடு எடுக்க வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லு.

திருப்பத்தூர் பழைய டிரைவர்:

தங்கச்சி எழுதுனதைப் படிச்சேன். முழங்கால் வலிக்காரரு நானும் தான். வெள்ளிக்கிழமை அடியில போறதை விடலன்னா, ஒயர் இருக்கட்டும். ஒண்ணு மட்டும். மழை முடிஞ்சதும் அவுட்டருக்குள்ள செம்மண் போய் ஒயர் இறுகும். அப்ப இழுத்த ஒயர் திரும்ப வராம வால்வைத் தெறந்தே பிடிச்சுக்கும். அவுட்டர் முனையில பழைய டியூப் ரப்பரை நறுக்கி உறை மாதிரி மாட்டு. மாசம் ஒரு தடவை ரெண்டு சொட்டு ஆயில் விடு.

புதுவயல் அரிசி லோடு:

அய்யா, இன்னைக்கே மாட்டிர்றேன். ரொம்ப நன்றி. படம் மூணு போட்டிருக்கேன், நடு டேங்கு ஒயர் ரெண்டாவது படத்துல தெரியும்.

ரஸ்தா பட்டறை:

பாத்தேன். நடு டேங்கு ஒயர் குறுக்குச் சட்டத்தைத் தாண்டுற எடத்துல ஒரு வளைவு கீழ தொங்குது பாரு. ஷாப்ட்டுக்கு ஒரு ஜாண் கூட இல்ல. லோடு ஏறி பட்டை அமுங்குனா இன்னும் நெருங்கும். அந்த எடத்துல இன்னும் ரெண்டு டேக் போட்டு மேல தூக்கிக் கட்டு. கட்டிட்டுப் படம் போடு, அதுக்கப்புறம் லோடு ஏத்து.